1851 நேவி, 1860 ஆர்மி நகல்கள்: கை வைப்பதற்கு முன் எதைப் பார்ப்பது?

புதுவரவு
கோல்ட் வகைக் கருமருந்து ரிவால்வர்களின் இத்தாலிய நகல்களைப் பற்றி ஒரே இடத்தில் பேசலாம் என்று இந்த இழை. இப்போதைக்கு உபெர்ட்டி 1851 நேவி (.36), பியெட்டா 1860 ஆர்மி (.44) இரண்டும் போதும். அமெரிக்காவில் வாங்கி, அங்கேயே சுடும் தளத்தில் பயன்படுத்துவது.

கேள்விகள்: டிரிகர் கனமாக இருக்கிறது. சுட்ட கேப்பின் (ஹேமர் அடித்ததும் பொறி தரும் சிறு உலோக மூடி) துண்டு ஹேமருக்குள் விழுந்து சிக்குகிறது. 25 கஜத்தில் குண்டு குறிக்கு மேலே போகிறது. மெயின்ஸ்பிரிங்கை, அதாவது ஹேமரைத் தள்ளும் ஸ்பிரிங்கை, தேய்த்து மெலிசாக்கினால் டிரிகரும் ஹேமரும் இலகுவாகும் என்று பல காணொளிகளில் சொல்கிறார்கள். அதிலிருந்து தொடங்கலாமா? பளபள நீலப்பூச்சை எடுத்துவிட்டுப் பழைய தோற்றம் கொடுக்கவும் எண்ணம்.

மைக்ரோமீட்டர்
மெயின்ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். கேப் சிக்கலுக்குப் பாதிக் காரணமே பலமில்லாத மெயின்ஸ்பிரிங்தான். சுடும்போது நிப்பிள், அதாவது கேப்பை மாட்டும் துளையுள்ள கூம்பு, வழியாக வாயு பின்னால் வருகிறது. அந்த நேரத்தில் ஹேமரை நிப்பிள்மேல் அழுத்திப் பிடித்திருப்பது அந்த ஸ்பிரிங் மட்டுமே. அது தளர்ந்தால் ஹேமர் எழும்பும், கேப் பிளந்து துண்டாகும், அடுத்த முறை ஹேமரை இழுக்கும்போது துண்டு உள்ளே போகும்.

கோல்ட் வகையில் சிலிண்டருக்கு மேலே பிரேமில் பட்டை கிடையாது. சிலிண்டர் சுழலும் தடித்த அச்சு, அதாவது ஆர்பர், பிரேமில் திருகப்பட்டிருக்கிறது. குழல் அந்த ஆர்பரில் செருகி, குறுக்கே ஓர் ஆப்பால் நிற்கிறது. துப்பாக்கி முழுதும் அந்த ஓர் இணைப்பில்தான் இருக்கிறது. அதனால் முதல் வேலை ஆர்பர், இரண்டாவது நிப்பிளும் கேப்பும், மூன்றாவது சிலிண்டரைப் பூட்டி நிறுத்தும் போல்ட் எழும் நேரம், அதற்குப் பிறகு டிரிகர். தோற்றம் கடைசி.

ஆர்பரைச் சோதிக்க எந்திரம் வேண்டாம். ஆப்பைத் தட்டி எடுங்கள், நைலான் அல்லது மரச்சுத்தியால். குழலையும் சிலிண்டரையும் கழற்றிவிட்டுக் குழலை மட்டும் ஆர்பரில் பக்கவாட்டாகத் திருப்பிச் செருகுங்கள். குழலின் அடிப்பகுதி பிரேமில் இடிக்காமல் அதன் பக்கமாகப் போக வேண்டும். ஆர்பர் முனை துளையின் அடியைத் தொடும்வரை தள்ளுங்கள். இப்போது குழல் அடிப்பகுதியின் பின்முகமும் பிரேமின் முன்முகமும் ஒரே மட்டத்தில் நின்றால் ஆர்பர் சரி. பின்முகம் பிரேமைத் தாண்டிப் பின்னால் போனால், தாண்டிய தூரம்தான் குறை. பழைய கோல்ட்களில் ஆர்பர் முனை அடியில் அழுந்தி நிற்கும். உபெர்ட்டியில் 2, 3 மி.மீ. குறைவாக இருப்பது சாதாரணம். அண்மைக்காலப் பியெட்டாக்களில் பெரும்பாலும் இந்தக் குறை இருப்பதில்லை. இருந்தாலும் சோதித்துவிடுங்கள்.

புதுவரவு
குறைவாக இருந்தால் என்ன ஆகும்? ஆப்பை இன்னும் கொஞ்சம் உள்ளே தட்டினால் இறுகிவிடாதா?

கரிக்கை
இறுகும். அங்கதான் வம்பே. ஆர்பர் அடியைத் தொடலைன்னா குழல் பின்னால வர்றதை நிறுத்த எதுவுமே இல்ல. ஆப்பைத் தட்டத் தட்டக் குழலோட மேல்பக்கம் சிலிண்டர் மேல சாயும். ஒரு தட்டு கூடினா சிலிண்டர் சுத்தாது, குறைஞ்சா இடைவெளி வாயைப் பிளக்கும். ஒவ்வொரு தடவை கழுவி மாட்டும்போதும் குண்டு வேற இடத்துல விழும். அப்புறம் "மருந்து சரியில்ல, குண்டு சரியில்ல"ன்னு ஊரெல்லாம் பழி.

மைக்ரோமீட்டர்
சரிசெய்வது இப்படி. துளையின் அடியில் ஒரு சிறு உருண்டை மென்மையான ஈயம் போட்டு, குழலை நேராகச் செருகி, பிரேமின் அடியிலுள்ள இரண்டு ஊசிகளும் குழலின் துளைகளில் முழுதாக அமரும்வரை அழுத்துங்கள். நசுங்கிய ஈயத்தின் தடிமன்தான் உங்களுக்கு வேண்டிய தகட்டின் தடிமன். துளைக்குள் நுழையும் விட்டத்தில், அதைவிடச் சற்றே தடித்த எஃகு வட்டு ஒன்றை எடுத்து, தட்டையான உப்புத்தாள்மேல் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் குறையுங்கள். ஆப்பு இறுகிய நிலையில் சிலிண்டர் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் இடையே ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) .004 முதல் .006 அங்குலம், அதாவது 0.10 முதல் 0.15 மி.மீ. வர வேண்டும். அளக்கும்போது சிலிண்டரைப் பின்னால் தள்ளிப் பிடியுங்கள். .002க்குக் கீழே போனால் கருமருந்தின் கரி படிந்து சில சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும்.

வட்டு தடிப்பாகிவிட்டால் குழல் அடியில் பிரேமோடு சேராமல் வெளிச்சம் தெரியும். அப்போது வட்டைத்தான் தேய்க்க வேண்டும், பிரேமையோ குழலையோ அல்ல. அளவு சரியானதும் எஃகு எபாக்சியால் துளையின் அடியில் ஒட்டிவிடலாம். எபாக்சிக்கு அங்கே அமுக்கம் மட்டுமே வருகிறது, இழுவிசை இல்லை. அதனால் தாங்கும்.

பிறகு ஆப்பு. அதன் முன்விளிம்பு ஆர்பர் துளையின் முன்சுவரிலும், பின்விளிம்பு குழல் துளையின் பின்சுவரிலும் அழுந்த வேண்டும். ஆர்பர் சரியான பிறகு எவ்வளவு தட்டினாலும் இடைவெளி மாறாது. சோதனை அதுதான். ஆப்பின் மேலுள்ள திருகு ஆப்பை இறுக்குவதற்கில்லை, கழன்று விழாமல் தடுப்பதற்கு மட்டும்.

பழையவிலை
பித்தளைப் பிரேம் வாங்க நினைப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கவும். ஆர்பர் திருகியிருப்பது பித்தளையில். தொடர்ந்து கனமான மருந்து போட்டால் மரை இழுபட்டு ஆர்பர் ஆடத் தொடங்கும். சிலிண்டரின் பல்சக்கரம் அதன் பின்னாலுள்ள பிரேம் முகத்தில் தடம் பதித்துவிடும். அதற்குப் பிறகு மேலே சொன்ன அளவெல்லாம் ஒரு மாதம்கூட நிற்காது. .36 பித்தளைக்கு 15 கிரெயின் (கருமருந்தை அளக்கும் அலகு), .44க்கு 20 கிரெயின், அதற்குமேல் வேண்டாம். விலை குறைவு என்பதால் பலரும் அதில் தொடங்குகிறார்கள், சுடுவதற்கு அது தவறான சிக்கனம்.

சேகரிப்புக் கண்ணால் பார்த்தாலும் ஒரு விஷயம். பித்தளைப் பிரேமோடு .44 நேவி என்று விற்பது வரலாற்றில் இல்லாத பொருள். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஜார்ஜியாவின் கிரிஸ்வோல்ட்வில்லில் கிரிஸ்வோல்ட் அண்ட் கன்னிசன் செய்தது பித்தளைப் பிரேம், ஆனால் .36, வட்டக் குழல். மொத்தம் ஏறத்தாழ 3,700தான். 1864 நவம்பரில் வடபடை அந்த ஆலையை அழித்தது. ஹார்ட்ஃபோர்டில் கோல்ட் செய்த 1851 நேவியோ 1850 முதல் 1873 வரை சுமார் 2,15,000. எண்கோணக் குழல், 7½ அங்குலம், .36. அதை .44 ஆக்கியது நம் காலத்து வியாபாரம்.

புதுவரவு
கேப் பக்கம் வருவோம். 10 எண்ணா, 11 எண்ணா?

கரிக்கை
எண்ணை நம்பாதீங்க. ஒரே எண்ணுக்கு ஒவ்வொரு கம்பெனி ஒவ்வொரு அளவு. நிப்பிள் கூம்புல கட்டை விரல் அழுத்துக்கே கேப் முழுசா அடிவரைக்கும் இறங்கணும், கவிழ்த்தா விழக்கூடாது. பாதியில நின்னுச்சுன்னா முதல் அடி கேப்பை உள்ள தள்ளறதுல செலவாகும், ரெண்டாவது அடிக்குத்தான் வெடிக்கும். தளர்ந்துச்சுன்னா விழும். சிலர் கேப்பை விரலால பிதுக்கி முட்டை வடிவமாக்கி மாட்டுவாங்க. அது மருந்தில்லாத வைத்தியம், நிப்பிளை மாத்துறதுதான் சரி.

மைக்ரோமீட்டர்
நிப்பிள் வாங்கும்முன் மரை பாருங்கள் (விட்டம் × மரைக்கு மரை தூரம்). பியெட்டா 6 மி.மீ. × 0.75. உபெர்ட்டி 5.5 மி.மீ. × 0.9. ஒன்று இன்னொன்றில் இரண்டு மரை ஏறி நிற்கும், கட்டாயப்படுத்தினால் சிலிண்டர் போச்சு.

நல்ல நிப்பிளின் அடித்துளை சுமார் 0.7 மி.மீ. விட்டம். தேய்ந்ததில் 1 மி.மீ.க்கு மேல் போயிருக்கும், வாயு முழுக்க ஹேமர் பக்கம் வரும். அடுத்து, ஹேமர் முகம் நிப்பிளை அடிக்கக்கூடாது, கேப்பை மட்டும்தான். ஆப்பு தளர்வாக இருந்தாலும் வெறுமனே சொடுக்கிச் சொடுக்கிப் பழகினாலும் ஹேமர் முகத்தில் வட்ட வட்டமாய்த் தடம் விழும். அந்தத் தடத்தின் விளிம்புதான் கேப்பைக் கவ்வி இழுக்கிறது. எண்ணெய்க் கல்லால் முகத்தைச் சமமாக்கி மெருகேற்றுங்கள். ஹேமர் முகத்தின் நடுவே, சிலிண்டரின் பின்னால் அறைகளுக்கு நடுவே ஹேமரை இறக்கி வைக்கும் ஊசிக்காக ஒரு பள்ளம் இருக்கும். அதுவும் கேப்பைக் கிள்ளும். அந்த ஊசிகளைப் பயன்படுத்தாமல் ஐந்து அறை மட்டும் நிரப்பி, காலி அறைமேல் ஹேமரை இறக்கி வைப்பவர்கள் பள்ளத்தை எபாக்சியால் நிரப்பிவிடுகிறார்கள். இன்னும் தீர்மானமான வழி, ஹேமருக்கு முன்னால் பிரேமில் ஒரு சிறு எஃகுத் தூண் நிறுத்துவது. ஹேமர் பின்னால் போகும்போது கேப் தூணில் தட்டி நின்றுவிடும். துளை ஓர் இம்மி விலகினால் ஹேமர் முழுதாக இறங்காது. கை பழகாதவர்கள் துப்பாக்கிப் பட்டறையில் கொடுப்பது நல்லது.

வால்நட்
போல்ட் பற்றிச் சொல்லுங்கள். சிலிண்டரைச் சுற்றிக் கோடு விழுந்திருப்பதைத்தான் பழைய தோற்றம் என்று விற்கிறார்கள்.

மைக்ரோமீட்டர்
கோடு விழுந்தால் போல்ட் சீக்கிரமே மேலெழுகிறது என்று அர்த்தம். ஹேமரை இழுக்கத் தொடங்கியதும் ஹேமர் அடியிலுள்ள கேம் என்ற புடைப்பு போல்ட்டின் இடதுகாலைத் தூக்கும், போல்ட் தலை சிலிண்டர் குழியிலிருந்து இறங்கும். கால் கேமிலிருந்து நழுவும் கணத்தில் போல்ட் மீண்டும் எழுந்து சிலிண்டரில் உராயும். குழிக்கு முன்னால் வெட்டியிருக்கும் சரிவுப் பாதையில் அது எழுந்தால் சரி. அதற்கு முன்பே எழுந்தால் சிலிண்டரைச் சுற்றிக் கோடு. தாமதித்தால் சிலிண்டர் குழியைத் தாண்டி ஓடிவிடும், அது கோட்டைவிட மோசம்.

தாமதத்தைச் சரிசெய்யப் போல்ட் காலின் நுனியைச் சிறிது தேய்த்தால் சீக்கிரம் நழுவும். இரண்டு இழுப்பு அரம், பூட்டிப் பார்ப்பது, மறுபடி இரண்டு இழுப்பு. முந்திக்கொள்வதைத் திருத்த உலோகம் சேர்க்க வேண்டும், அதனால் அங்கே புதிய போல்ட் போடுவதே சுலபம். புதிய போல்ட்கள் வேண்டுமென்றே நீளமாக வரும், பொருத்திக்கொள்ள.

டிரிகர் கனத்துக்கு இப்போது வருகிறேன். டிரிகரையும் போல்ட்டையும் தள்ளும் இரட்டைக்கால் தட்டை ஸ்பிரிங்தான் காரணம், மெயின்ஸ்பிரிங் அல்ல. முதலில் உடைவதும் அதுதான். கம்பி வளைத்துச் செய்த மாற்று ஸ்பிரிங் கிடைக்கிறது, இலகு, உடைவதும் அரிது. தட்டையானதையே வைத்துக்கொள்வதானால் டிரிகர் பக்கக் காலின் அகலத்தை நீளவாக்கில் மட்டும் கல்லால் தேய்த்துக் குறையுங்கள். குறுக்கே கீறல் விழுந்தால் அந்தக் கீறலில்தான் ஒடியும்.

ஹேமரின் முழுக்கொக்கிப் படியையும் (ஹேமரை முழுதாக இழுத்ததும் டிரிகர் நுனி மாட்டும் வெட்டு) டிரிகர் நுனியையும் அரத்தால் தொட வேண்டாம். இத்தாலிய ஹேமர்கள் மேல்தோல் மட்டுமே கடினப்படுத்தியவை. தோல் போனால் உள்ளே மென்மையான எஃகு. சில நாள் அருமையாக இருக்கும், பிறகு படி உருண்டு, தொடாமலே ஹேமர் விழும்.

கரிக்கை
குண்டு மேல போற பிரச்சினைக்கு நான் சொல்றேன். நேவியில பின்குறி ஹேமர்ல இருக்கற வெட்டு. 25 கஜத்துல ஒரு சாண், ரெண்டு சாண் மேல போறது பழைய கோல்ட்லயும் உண்டு. கீழ இறக்கணும்னா முன்குறியை உயர்த்தணும், இல்ல ஹேமர் வெட்டை ஆழமாக்கணும். கணக்கு சுலபம்: குறிகளுக்கு இடையிலான தூரம் × பிழை ÷ இலக்குத் தூரம். குறிகளுக்கு நடுவுல 10 அங்குலம், 25 கஜத்துல (900 அங்குலம்) 9 அங்குலம் மேல போகுதுன்னா, 10 × 9 ÷ 900 = 0.1 அங்குலம். இரண்டரை மில்லிமீட்டர் உசரமான முன்குறி. கொஞ்சம் கூடுதலா வெச்சு, சுட்டுப் பார்த்துத் தேயுங்க. தேய்ச்சதை ஒட்ட முடியாது.

ஆனா இதை ஆர்பர் வேலைக்கு அப்புறம் பண்ணுங்க. இல்லன்னா ஆப்பு உட்கார்ற இடத்துக்குக் குறி வெச்ச மாதிரி ஆகும்.

புதுவரவு
மருந்து அளவு, குண்டு அளவு எழுதிவிட்டால் இழை முழுமையாகும்.

பழையவிலை
எடையில் அல்ல, கன அளவில்தான். மூன்று எஃப் (FFFg) என்ற மணிப் பருமனில் கருமருந்து. எஃகுப் பிரேம் நேவிக்கு 15 முதல் 25 கிரெயின், ஆர்மிக்கு 25 முதல் 30. கருமருந்துக்கு மாற்றாக வருபவற்றில் பைரோடெக்ஸ் அதே கன அளவு. டிரிபிள் செவன் வீரியம் கூடியது, 15 சதவீதம் குறைத்துப் போடுங்கள், அதிகம் அழுத்தவும் வேண்டாம். புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூடக் கூடாது. அதன் அழுத்தத்துக்கு இந்தச் சிலிண்டர் கட்டப்படவில்லை, வெடித்துச் சிதறும். குப்பியிலிருந்து நேராக அறைக்குள் கொட்டாதீர்கள். உள்ளே கனல் இருந்தால் குப்பி கையில் வெடிக்கும். அளவுக்குழாயில் எடுத்துத்தான் கொட்ட வேண்டும்.

சுத்தமான மென்ஈயக் குண்டு: .36க்கு .375 அல்லது .380, .44க்கு .451 அல்லது .454. தண்டால் அழுத்தும்போது அறை வாயில் மெல்லிய ஈய வளையம் சீவிக்கொண்டு விழ வேண்டும். விழாவிட்டால் குண்டு சிறியது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி விடக்கூடாது. கேப் கடைசியில், சுடும் இடத்தில், குழல் இலக்கை நோக்கி இருக்கும்போது மட்டும்.

ஓர் அறை வெடிக்கும்போது பக்கத்து அறைகளும் பற்றிக்கொள்வது உண்டு. முன்னால் சிறிய குண்டின் ஓரமாக நெருப்புப் போகிறது என்று ஒரு சாரார், பின்னால் தளர்ந்த கேப் வழியாக என்று இன்னொரு சாரார். வாதம் முடியவில்லை. இரண்டையும் இறுக்கமாக வைத்துக்கொண்டால் வாதம் தேவையில்லை. மருந்துக்கு மேல் எண்ணெய் ஊறிய கம்பளி வட்டு ஒன்று போடுங்கள், கரியும் இளகும்.

கரிக்கை
20 கிரெயின் மட்டும் போட்டா .44 அறையில குண்டு ஆழத்துல உட்காரும், குறி சிதறும். இடத்தை நிரப்ப மருந்துக்கு மேல அமெரிக்கர்கள் சோளமாவு, கோதுமைக் குருணை போடுவாங்க. நம்ம வீட்டு ரவைதான் அது. வறுக்க வேண்டாம்.

பூசற கொழுப்புக்குப் பழைய கணக்கு: ஆட்டுக்கொழுப்பு 1 பங்கு, பாரஃபின் 1 பங்கு, தேன்மெழுகு அரைப் பங்கு, எடையில. தண்ணி கொதிக்கற பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம் வெச்சு உருக்கணும், நேரா அடுப்புல வேண்டாம். ஆர்பர் வரிப்பள்ளத்துல இதைத் தாராளமாப் பூசுங்க. 1858 ரெமிங்டன் கேப் ரிவால்வர்ல அந்தப் பள்ளமும் இல்ல, அச்சும் மெலிசு. அதான் ரெண்டு மூணு சிலிண்டருக்கே இறுகுது.

வால்நட்
கடைசியாகத் தோற்றம். பிடியின் சிவப்புப் பூச்சைப் பெயின்ட் நீக்கியால் எடுத்து, 320 தாளில் இழை வாக்கில் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. தேய்க்கும்போது பிடியைச் சட்டத்தில் மாட்டியே தேய்க்க வேண்டும். கழற்றித் தேய்த்தால் ஓரம் உருண்டு, மாட்டியதும் உலோகம் துருத்தும்.

நீலப்பூச்சுக்கு வெள்ளை வினிகர். எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தமாக நீக்கி, 5 சதவீத வினிகரில் அரைமணி வாக்கில் ஊறவைத்துத் துடைத்தால் வந்துவிடும். உடனே சமையல் சோடா கரைத்த நீரில் அமிழ்த்தி, கழுவி, உலர்த்தி, எண்ணெய். தாமதித்தால் கண்ணெதிரே துரு. ஸ்பிரிங் எதையும் வினிகரில் போடாதீர்கள், அமிலம் பட்ட ஸ்பிரிங் ஒடியும். பிரேமின் வண்ணக் கடினப்பூச்சு பிடித்திருந்தால் பிரேமையும் போடாதீர்கள், அதுவும் போய்விடும். சிலிண்டரில் உப்புத்தாள் கூடவே கூடாது. அதில் உருட்டிப் பதித்திருப்பது 1843 மே 16இல் டெக்சஸ் கடற்படை கேம்பீச்சியில் போரிட்ட காட்சி, டபிள்யூ. எல். ஆர்ம்ஸ்பி செதுக்கியது. நகல்களில் அது ஏற்கெனவே மேலோட்டம். நாலு இழுப்பில் கப்பல்கள் காணாமல் போகும்.

பழையவிலை
தோற்றம் மாற்றுவதோடு இத்தாலிய முத்திரைகளையும் அரம் போட்டு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். போர் மீள்நடிப்புக்காரர்கள் செய்வதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அதே துப்பாக்கி நாலு கை மாறினால் அசல் என்று ஏலத்துக்கு வரும். என்னைக் கேட்டால் முத்திரையை விட்டுவையுங்கள். வரிசை எண்ணை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

வாங்குகிறவர் பார்க்க வேண்டியது: குழலின் தட்டை முகத்தில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அரம் போட்ட இடம் பள்ளமாய்த் தெரியும். திருகுகளின் மரையை அளந்தால் மெட்ரிக் அளவு பொய்யைச் சொல்லிவிடும். அசலில் பிரேம், குழல், டிரிகர் காப்பு, பின்பட்டை எல்லாவற்றிலும் ஒரே எண் இருக்கும், சிலிண்டரிலும் ஆப்பிலும் பாருங்கள். ஆப்பு பெரும்பாலும் மாறியிருக்கும், விலை அதற்கேற்பக் குறையும்.

முத்திரை இருந்தால் ஆண்டும் தெரியும். சிறு கட்டத்துக்குள் எழுத்து: 1954 எக்ஸ் என்ற ரோமன் பத்தில் தொடங்கி 1974 வரை ரோமன் எண், 1975 ஏஏ (AA), 1990 ஏஇசட் (AZ), 1991 பிஏ (BA), 2005 பிஇசட் (BZ), 2006 சிஏ (CA). பக்கத்தில் பிஎன் (PN) என்றிருந்தால் கருமருந்துக்கு மட்டும் சோதித்தது.

புதுவரவு
உரிமம்?

பழையவிலை
அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில், 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898 அல்லது அதற்கு முன் செய்தவையும், அவற்றின் கேப் வகை நகல்களும் பழம்பொருள் கணக்கு. மாநிலச் சட்டம் அப்படியே ஒத்துப்போகும் என்று நினைக்காதீர்கள். சில மாநிலங்களில் இவையும் கைத்துப்பாக்கிதான். தோட்டா போடும் மாற்றுச் சிலிண்டர் வாங்கும் முன் கண்டிப்பாக விசாரியுங்கள். இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: 1959 ஆயுதச் சட்டப்படி சுடக்கூடிய எதற்கும் உரிமம் வேண்டும், கேப் ரிவால்வர் என்பதால் விலக்கு இல்லை. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டும் 45ஆம் பிரிவில் விலக்கு.

புதுவரவு
உபெர்ட்டியைச் சோதித்தாயிற்று, குழல் பிரேமைத் தாண்டி 2.4 மி.மீ. போகிறது. ஆப்பை ஒரு தட்டு தட்டினால் சிலிண்டர் நிற்கிறது. வட்டுக்கு எந்த எஃகு?

மைக்ரோமீட்டர்
சாதா எஃகு போதும், கடினப்படுத்த வேண்டாம். கடையில் கிடைக்கும் நட்டு-போல்ட் ஒன்றின் தண்டிலிருந்து 3 மி.மீ. அறுத்து, இரு முகமும் இணையாக வருகிறதா என்று மைக்ரோமீட்டரில் நாலு இடத்தில் அளந்து தேயுங்கள். 2.5 வந்ததும் நிறுத்திப் பூட்டிப் பாருங்கள். துளையின் அடி கூம்பாக இருந்தால் வட்டின் விளிம்பை முதலில் சாய்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அளவு ஏமாற்றும்.